கடைக்குட்டியின் கூழாங்கல்

கால்வாய்ப் பாதையின் இரண்டாவது வளைவில், வழக்கம்போல, அக்காவின் ஷூவுக்குள் கல் புகுந்துவிட்டது. “அய்யய்யோ, மறுபடியும் கல்லு!” என்று ஒரு கூச்சல். சைக்கிளைக் கரையோரக் கம்பியில் சாய்த்துவிட்டு, ஒற்றைக் காலில் நொண்டி நின்று, வலது ஷூவைக் கழற்றித் தலைகீழாக உதறினாள். புளியங்கொட்டை அளவில் ஒரு கூழாங்கல் தரையில் விழுந்தது. கறுப்புக் கல், நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. “எங்கேர்ந்துதான் வருதோ!” என்று அதைப் பார்த்து அதிசயப்பட்டாள். அதற்குள், சற்று முன்னால் முகம் சிவந்து மூச்சிரைக்கப் போய்க்கொண்டிருந்த வங்கிக்காரப் பெண் கூச்சல் கேட்டுத் திரும்பி வந்தாள். “மெதுவா மாட்டுங்கக்கா, ஒண்ணும் அவசரமில்ல, நான் நிக்கிறேன்” என்று பெருந்தன்மையாக இறங்கி, தண்ணீர் குடித்து, மூச்சு வாங்கி, ஒருவழியாகத் தேறினாள். அக்கா ஷூவை மாட்டிக்கொண்டாள். கல்லை எடுத்து, கால்வாய்க்குள் விட்டெறிவதுபோல் கையை ஓங்கி வீசினாள்.

கை வீசியதே தவிர கல் பறக்கவில்லை. அது உள்ளங்கைக்குள்ளேயே இருந்து, ஆள் பார்க்காத நேரத்தில் பைக்குள் போய்விட்டது. வீட்டிலிருந்து கொண்டுவந்த கல்லை யாராவது கால்வாயில் போடுவார்களா? அடுத்த வாரம் வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நீரேற்று நிலையத்தின் வாசலில் ஏழெட்டுப் பேர் சைக்கிளும் ஹெல்மெட்டுமாகக் கூடுவார்கள். அங்கிருந்து கால்வாய்க் கரையோடு போய், காட்டைக் குறுக்கே கடந்து, கடற்கரைச் சாலையில் ஏறி, கலங்கரை விளக்கத்தடி டீக்கடையில் இறங்குவது வழக்கம். முன்னால் போகிறவர் கேப்டன். மற்ற நாட்களில் மருந்துக்கடைக்காரர், ஞாயிறு காலையில் மட்டும் படைத்தளபதி. வேகம், தூரம், இதயத்துடிப்பு எல்லாவற்றையும் காட்டும் கருவி ஒன்று அவருடைய ஹேண்டில்பாரில் உட்கார்ந்திருக்கிறது. ரோட்டைப் பார்ப்பதைவிட அதைத்தான் அவர் அதிகம் பார்ப்பார். எல்லாருக்கும் பின்னால் வருகிறவள் அக்கா. கடைசி ஆள் வந்து சேராமல் யாருக்கும் டீ கிடையாது என்பது அந்தக் குழுவின் சட்டம். ஆகவே பஞ்சரானவரையும் பாதி வழியில் துவண்டவரையும் ஓட்டிக்கொண்டு வர, கடைசியில் வருவதையே வேலையாக ஒருத்தர் ஏற்க வேண்டும். பல வருஷமாக அது அக்காவின் வேலை. ஐம்பதைத் தாண்டி, காதோரம் நரைத்து, மகளையும் கட்டிக்கொடுத்த பிறகும் குழு அவளுக்கு வைத்திருக்கும் பெயர் ‘கடைக்குட்டி’.

“முன்னால போனா என்ன தெரியும்? கேப்டன் முதுகு தெரியும். பின்னால வந்தாத்தான் ஊரே தெரியும்” என்பாள். யாருடைய செயின் எண்ணெய் கேட்கிறது, யார் காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறார், யார் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார் என்பதெல்லாம் பின்னாலிருந்து பார்த்தால் தெரிந்துவிடுமாம். சண்டை போட்டவர் தோளைத் தூக்கிக்கொண்டு ஓட்டுவாராம். இன்னொன்றும் அவள் கண்டுபிடித்து வைத்திருந்தாள். பின்தங்கி வருகிறவருக்கு வலிப்பது காலே இல்லை, ரோஷம்தான். “‘உனக்காகத்தான் நிக்கிறோம்’னு ஒரு தடவை சொல்லிப் பாருங்க. அடுத்த வாரம் அந்த ஆளு வரமாட்டான். அதனால நாம அவனுக்காக நிக்கக் கூடாது. அவன் நமக்காக நிக்கணும்.”

அதற்காகத்தான் கல். லேஸ் அவிழ்ந்துவிட்டது என்று சொல்லலாம்தான், ஆனால் அவளுடைய ஷூவில் லேஸே கிடையாது, பட்டையை ஒட்டி மூடும் ரகம். கல் போக, வேறு சரக்கும் கைவசம் உண்டு. கண்ணில் பூச்சி விழும். செயின் நழுவும். மரத்தில் யாருக்கும் தெரியாத பறவை ஒன்று அக்காவுக்கு மட்டும் தெரியும், அதை எல்லாரும் நின்று தேட வேண்டியிருக்கும். ஒரு தடவை, காட்டு ஏற்றத்தில் திணறிய தச்சருக்காக, பாதையோரம் நின்ற ஒரு மரத்தைக் காட்டி, “இது என்ன மரம்? கட்டில் செய்ய ஆகுமா?” என்று கேட்டாள். தச்சர் இறங்கி, மரத்தைத் தட்டி, முகர்ந்து, நீளமாக ஒரு பிரசங்கம் செய்து முடித்தபோது அவருடைய மூச்சு சீராகியிருந்தது. அக்காவுக்குக் கட்டில் வாங்கும் உத்தேசம் எதுவும் இல்லை.

“ஏன்க்கா, இப்படிக் கூசாம புளுகுறீங்களே?” என்று ஒருநாள் கேப்டனே கேட்டுவிட்டார்.

“பொய்ங்கிறது பல்செட்டு மாதிரி கேப்டன். வாய்க்கு வாய் அளவெடுக்கணும். அளவு சரியா இருந்தா மாட்டியிருக்கிறதே தெரியாது. இல்லைன்னா ஈறைக் குத்தும்.”

சொன்னவளுக்கு அது தொழில் பாடம். வாரத்தில் ஆறு நாள் அவள் செய்வது பல்செட்டுதான். ஒரு கண்ணாடிக் கடையின் மாடியில், வடக்குப் பார்த்த ஜன்னலடியில், நீள மேஜை. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றித் தாடைகளாக வார்த்து, இளஞ்சிவப்பு மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, தேய்த்து, மெருகேற்றி அனுப்புவாள். அலமாரி நிறைய யார் யாருடையவோ தாடைகள் வரிசையாக இளித்துக்கொண்டிருக்கும். அந்த மனிதர்களை அவள் பார்த்ததில்லை, ஆனால் குணம் சொல்லிவிடுவாள். “இந்த ஆளு தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிக்கிற ஆளு. யார் மேலயோ தீராத கோவம்.” “இந்தம்மா ஒரு பக்கமாவே மெல்லுறாங்க. பிடிவாதம் ஜாஸ்தி.” அவளுடைய வீட்டுக்காரரைக் கேட்டால், “என் பல்லைப் பார்த்துத்தாங்க என்னைக் கட்டிக்கிட்டா” என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சைக்கிள் பக்கமே வருவதில்லை. “நீ போய்ட்டு வா, நான் கனவுல ஓட்டிக்கிறேன்” என்று போர்வையை இழுத்துக்கொள்வார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த சங்கதி ஒன்றும் உண்டு. கடைசியில் வருகிறாளே, பாவம், மெல்ல ஓட்டுகிறவள் என்றுதான் புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். போன மழைக்காலத்தில் கேப்டன் கடைச் சாவிக்கொத்தை டீக்கடையில் மறந்துவிட்டுத் தம் பாட்டுக்குப் பறந்துவிட்டார். அக்கா சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில், காட்டுக்குள் ஈர இலைகள் சிதற, குனிந்த தலை நிமிராமல் மிதித்தாள். கால்வாய் தொடங்கும் இடத்தில் கேப்டனின் தோளுக்குப் பக்கத்தில் போய், “கேப்டன், சாவி” என்றாள். கேப்டனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கருவியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடியும் கருவியைத் தட்டிப் பார்த்தார். “லாரியில தொத்திக்கிட்டு வந்தேன்” என்றாள் அக்கா. காட்டுக்குள் லாரி வராது என்பது கேப்டனுக்குத் தெரியும். ஆனால் வேறு எதையும் நம்ப அவருக்குத் தெம்பில்லை.

இப்படி வாய்க்கு வாய் அளவெடுத்துப் பழகிய அக்காவுக்கே ஒருநாள் வாய்த்தது ஒரு வாய்.

அது அவளுடைய சம்பந்தியின் வாய். மகளின் மாமனார். எடை அளவு இலாகாவில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தராசுத் தட்டின் அடியில் காந்தம் ஒட்டியிருக்கிறார்களா, எடைக்கல்லின் வயிற்றைக் குடைந்திருக்கிறார்களா, லிட்டர் குவளையின் அடியைத் தட்டி உள்ளே தள்ளியிருக்கிறார்களா என்று கடை கடையாகப் பார்த்தே காலம் கழித்தவர். அவர் தெருவுக்குள் நுழைந்தாலே நல்ல தராசுகூட ஒரு தடவை நடுங்கும் என்பார்கள். கையில் எதைக் கொடுத்தாலும் உள்ளங்கையில் வைத்து மெல்லத் தூக்கி எடை சொல்லுவார். கல்யாணத்தன்று அக்கா கொடுத்த பழத்தைக்கூட அப்படித் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார்.

போன வருஷம் அவருடைய மனைவி போய்ச் சேர்ந்தார். அந்தம்மா இருந்தவரை அவர் எடை போடுவதைக் கேட்டுச் சிரிக்க ஒரு ஆள் இருந்தது. போன பிறகு அவர் வீட்டை விட்டே இறங்கவில்லை. இறங்காத மனுஷனுக்கு அளக்க வீடுதான் கிடைத்தது. மளிகைப் பொட்டலங்களை எடை போட்டார். சோப்புத்தூளை ஸ்பூன் கணக்கில் கொடுத்தார். ஒருநாள் மகள் குளியலறைக்குள் ஒளிந்துகொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, அக்காவுக்குப் போன் செய்தாள்.

“அம்மா, மாமா இன்னைக்கு நான் ஊத்தின காபியை அளந்தாரும்மா. நேத்தைவிட ஒரு விரல் கம்மியாம். எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும். நாங்க தனியாப் போயிடப்போறோம். வீடு பார்க்க ஆரம்பிச்சாச்சு.”

“அவசரப்படாதடி. தனியா விட்டா அந்த மனுஷன் சுவத்தைத்தான் எடை போடுவாரு.”

“உனக்கென்ன, நீ சொல்லுவே. இருந்து பாரு!”

அக்காவுக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. மகளை நினைத்தாலும் பாவமாக இருந்தது, காலி வீட்டில் காபி டம்ளரைத் தூக்கிப் பார்க்கப்போகிற அந்த மனுஷனை நினைத்தாலும் பாவமாக இருந்தது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்றால், பண்ணிய கல்யாணத்துக்காக இன்னும் ரெண்டு பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும்? நேராகச் சம்பந்தி வீட்டுக்குப் போனாள். “ஞாயித்துக்கிழமை சைக்கிள்ல போறோம் சம்பந்தி. அவரு வரமாட்டேங்கிறாரு. காட்டு வழியா இருக்கு, துணைக்கு ஆளில்ல. நீங்க வந்தீங்கன்னா எனக்குத் தைரியமா இருக்கும்.”

சம்பந்தி நெடுநேரம் யோசித்தார். உத்தியோக காலத்தில் கடை கடையாகச் சைக்கிளில்தான் சுற்றியவர், அதனால் ஆசை இல்லாமல் இல்லை. “வர்றேன் சம்பந்தியம்மா. ஆனா ஒண்ணு. எனக்காக யாரும் நிக்கக் கூடாது. ‘பாவம், வயசான மனுஷன்’னு ஒருத்தர் நின்னாலும் சரி, அன்னைக்கே சைக்கிளை வித்துடுவேன்.”

“உங்களுக்காக யாரு நிக்கப்போறாங்க? நீங்கதான் எங்களுக்காக நிக்கணும்” என்றாள் அக்கா. குழுவுக்கும் கண்டிப்பாகச் சொல்லி வைத்தாள், முக்கியமாகக் கேப்டனுக்கு. “வாயைத் திறந்தீங்க, அத்தனை பல்லும் என் மேஜைக்குத்தான் வரும்.”

முதல் வாரம் கால்வாய்ப் பாதை பாதி போவதற்குள் சம்பந்தியின் நெஞ்சில் விசில் அடித்தது. அக்காவின் ஷூவில் கல் புகுந்தது. சம்பந்தி நின்றார். நின்றதோடு இல்லாமல், இறங்கி வந்து அந்தக் கல்லை எடுத்தார். உள்ளங்கையில் வைத்து மெல்லத் தூக்கினார்.

“ஆறு கிராம்” என்றார்.

அக்கா அவசரமாக வாங்கிக் கால்வாய்ப் பக்கம் கையை வீசினாள். அதே கல் காட்டின் எல்லையில் ஒரு தடவையும் கடற்கரைச் சாலையில் ஒரு தடவையும் ஷூவிலிருந்து விழுந்தது. “எங்கேர்ந்துதான் வருதோ!” என்றாள். “வர்ற இடத்துலேர்ந்துதான் வரும்” என்றார் சம்பந்தி. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆய்வாளர் முகம்.

இந்த வாய்க்கு ஒற்றைப் பல் போதாது, முழு செட்டே கட்ட வேண்டும் என்று அக்கா முடிவு செய்தாள். அடுத்த வாரம் முதல் அவளே நோஞ்சானாகிவிட்டாள். “முடியல சம்பந்தி, மூச்சு வாங்குது. நீங்க வேணும்னா முன்னால போங்க. ஆனா பெண்ணைக் கொடுத்தவளை நடுக்காட்டுல தனியா விட்டுட்டுப் போனா நாலு பேர் என்ன சொல்லுவாங்க?” சம்பந்தி போவாரா? நின்றார். நிற்கும்போது அவருக்கும் மூச்சு சீரானது. கிளம்பினார்கள், பத்து மரம் தாண்டினார்கள், அக்காவுக்கு மறுபடியும் மூச்சு வாங்கியது.

பொய்க்குக் கூலி இல்லாமலா போகும்? அறிவுரையாகக் கொட்டியது. “முட்டியை வெளிய விரிக்காதீங்க சம்பந்தியம்மா.” “கியரைக் குறைங்க.” “வாயால மூச்சு விடாதீங்க, மூக்கு எதுக்கு இருக்கு?” காட்டையே ஒரு மூச்சில் கடந்தவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். டீக்கடையில் அவர் எல்லாரிடமும், “அவங்களுக்காகத்தான் நான் மெதுவா வர்றேன். இல்லைன்னா எப்பவோ வந்திருப்பேன்” என்று சொல்லும்போது வங்கிக்காரப் பெண் சிரிப்பை அடக்க டம்ளருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போய் மருமகளிடமும் சொன்னார். “உங்கம்மாவுக்குத் தெம்பே இல்லம்மா. சத்தா ஏதாவது செஞ்சு கொடுத்தனுப்பு.”

ஆனால் பல்செட்டு பொருந்திவிட்டது. சமையலறைக்குள் நின்றுகொண்டிருந்த மனுஷன் இப்போது டயரில் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றார். மளிகையை எடை போடுவதை மறந்தார். காபி எவ்வளவு கொடுத்தாலும் குடித்துவிட்டு, “காத்து இன்னைக்குத் தெக்குப் பக்கமா அடிக்குது” என்றார். மகள் வீடு பார்க்கும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். “பார்த்த வீட்டுல வெளிச்சமே இல்லம்மா” என்றாள் ஒருநாள். “அட, ஆமாம்டி, வெளிச்சம் முக்கியம்” என்றாள் அக்கா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

நடுவில் ஒரு சின்ன நஷ்டம். கூழாங்கல் தொலைந்துவிட்டது. சைக்கிள் பையில்தான் வைத்திருந்தாள், டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் இல்லை. வீட்டுக்காரர்தான் எடுத்து எங்கேயோ போட்டிருப்பார் என்று வீட்டுக்குப் போய் ஒரு பாட்டம் சண்டை போட்டாள். “கல்லைக் காணோம்னு புருஷனைத் திட்டுற ஒரே பொம்பளை நீதான்டி” என்றார் அவர். வேறு ஒரு கல் பொறுக்கி வைத்துக்கொண்டாள். ஆனால் அது கூரான கல், நிஜமாகவே குத்தியது.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். கெட்டிக்காரியின் புளுகு சில மாதம் தாங்கியது. ஒரு ஞாயிறு, டீக்கடையில், கேப்டன் உற்சாக மிகுதியில் அடுத்த வாரப் பெரும் பயணத்தைப் பற்றி அளந்துகொண்டிருந்தார். வருஷத்துக்கு ஒருமுறை, கலங்கரை விளக்கத்தோடு திரும்பாமல் கடற்கரைச் சாலை முடியும் முனைவரைக்கும் போவது அவர்கள் வழக்கம். “நம்ம ஆளுங்க லேசுப்பட்டவங்க இல்ல. அக்கா நெனச்சா என்னையே முந்திடுவாங்க. அன்னைக்குக் காட்டுல பறந்து வந்து...” என்று தொடங்கியவர், மேஜைக்கு அடியில் அக்காவின் ஷூ காலைப் பதம் பார்த்ததும் நிறுத்தினார்.

“அன்னைக்குக் காட்டுல?” என்று கேட்டார் சம்பந்தி.

“பறந்து வந்துச்சு. பறவை. பெரிய பறவை” என்றார் கேப்டன்.

சம்பந்தி டீயைக் கலக்கினார். கலக்க வேண்டிய சர்க்கரை எப்போதோ கரைந்திருந்தது, இருந்தாலும் கலக்கினார். திரும்பி வரும் வழியில் அறிவுரை ஒன்றுகூட வரவில்லை. அக்கா முட்டியை வேண்டுமென்றே வெளியே விரித்து ஓட்டிப் பார்த்தாள். அவர் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு மிதித்தார்.

புதன்கிழமை மகள் போன் செய்தாள். “அம்மா, மாமா சைக்கிளைத் துடைச்சு சைக்கிள் கடைக்கு எடுத்துட்டுப் போறாரும்மா. எதுக்கு மாமான்னு கேட்டா மணியை அடிச்சுட்டுக் கிளம்புறாரு. விக்கப்போறாரு போல. உங்களுக்குள்ள என்னாச்சு?”

பாம்பின் கால் பாம்பறியும். வாழ்நாள் முழுக்கக் கள்ளத் தராசைக் கண்டுபிடித்தவருக்கு ஒரு பல்காரியின் பொய் எத்தனை நாள் தெரியாமல் இருக்கும்? பரிதாபப்பட்டு ஒருத்தர் நின்றாலே விற்றுவிடுவேன் என்றவர், தம்மை ஒரு குழுவே ஏமாற்றியிருக்கிறது என்று தெரிந்தால்? மறுபடியும் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிடுவார். மகள் பெட்டியைக் கட்டுவாள். எல்லாம் தன்னால்தான் என்று அக்காவுக்கு அழுகை முட்டியது. அந்த வாரம் அனுப்பிய ஒரு செட்டில் இடது கோரைப்பல்லை வலது பக்கமும் வலதை இடது பக்கமும் நட்டுவிட்டாள். “யாருக்கும்மா இது, பேய்க்கா?” என்று டாக்டர் திருப்பி அனுப்பினார். இத்தனை வருஷத்தில் அவளுக்கு அப்படி நடந்ததே இல்லை. சாப்பாடும் இறங்கவில்லை, தூக்கமும் பிடிக்கவில்லை.

ஞாயிறு காலை, நீரேற்று நிலைய வாசலில், சம்பந்தி நின்றுகொண்டிருந்தார். சைக்கிளும் நின்றுகொண்டிருந்தது. அதில் புதிதாக இரண்டாவது தண்ணீர் பாட்டில் ஒன்று மாட்டப்பட்டிருந்தது.

“எதுக்கு சம்பந்தி ரெண்டு?” என்றாள் அக்கா, உயிர் பாதி திரும்பியவளாக.

“ஒண்ணு கசிஞ்சா இன்னொண்ணு” என்றார்.

கால்வாயைக் கடந்தார்கள். காட்டைக் கடந்தார்கள். அக்கா வழக்கம்போல மூச்சு வாங்கிக் காட்டினாள், அவர் வழக்கம்போல நின்றார். ஆனால் கலங்கரை விளக்கத்தைத் தாண்டியதும் கடல் காற்று எதிரே வந்து நின்றுகொண்டது. மிதிக்க மிதிக்கச் சாலை நகரவே இல்லை. வாரம் முழுக்கப் பட்டினியாகக் கிடந்த உடம்பு அப்போதுதான் கணக்குக் கேட்டது. அக்காவுக்குக் கால் கனத்தது, காது அடைத்தது, கண்ணில் பூச்சி பறந்தது. இந்தத் தடவை நிஜப் பூச்சி. பல வருஷமாக மற்றவர்களுக்கு நேர்ந்ததைப் பின்னாலிருந்து பார்த்தவளுக்கு என்ன நடக்கிறது என்று நன்றாகத் தெரிந்தது. கேப்டனும் மற்றவர்களும் முன்னால் புள்ளியாகிவிட்டார்கள்.

‘முடியல சம்பந்தி, மூச்சு வாங்குது’ என்று சொல்லலாம். ஆனால் இத்தனை மாதமாக அவள் சொன்னதெல்லாம் அதையேதானே? புலி வருது, புலி வருது என்று கூவியவள் வாயில், நிஜப் புலி வந்து நிற்கும்போது சொல்ல வேறு வார்த்தை இல்லை. அதுவும் போக, நிஜமாக முடியாதபோது முடியவில்லை என்று சொல்ல அவளுக்கும் வாய் வரவில்லை. ஊராருடைய ரோஷத்துக்கெல்லாம் மருந்து வைத்திருந்தவளிடம் தன்னுடையதற்கு ஒன்றும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். சைக்கிள் இப்படியும் அப்படியும் ஆடியது.

முன்னால் போய்க்கொண்டிருந்த சம்பந்தி திரும்பிப் பார்த்தார்.

“அய்யய்யோ!” என்று ஒரு கூச்சல் போட்டார். “சம்பந்தியம்மா, நில்லுங்க, நில்லுங்க. என் ஷூவுக்குள்ள கல்லு!”

சைக்கிளைச் சாலையோரத் தடுப்புச் சுவரில் சாய்த்தார். இரண்டாவது பாட்டிலை உருவி, எங்கோ பார்த்தபடி, அவள் பக்கம் நீட்டினார். “நான் கழட்டி மாட்டுற வரைக்கும் இதைக் கொஞ்சம் பிடிங்க. சும்மா பிடிக்காதீங்க, குடிச்சுக்கிட்டே பிடிங்க.” அக்கா சுவரில் சரிந்து உட்கார்ந்து குடித்தாள். தண்ணீர் இல்லை, சர்க்கரை கரைத்த எலுமிச்சைச் சாறு. அவர் நிதானமாக, ஊரில் உள்ள நேரமெல்லாம் தம்முடையது என்பதுபோல, ஒற்றைக் காலில் நின்று வலது ஷூவைக் கழற்றினார். தலைகீழாக உதறினார்.

புளியங்கொட்டை அளவில் ஒரு கூழாங்கல் சாலையில் விழுந்தது. கறுப்புக் கல், நடுவில் வெள்ளைக் கோடு.

“எங்கேர்ந்துதான் வருதோ!” என்று அதைப் பார்த்து அதிசயப்பட்டார் சம்பந்தி. எடுத்து உள்ளங்கையில் வைத்து மெல்லத் தூக்கினார். “ஆறு கிராம் இருக்கும்.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. எது முதலில் வெளியே வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. “சைக்கிளை வித்துடுவீங்கன்னு நெனச்சேன் சம்பந்தி” என்றாள்.

“நல்லாயிருக்கே! ஷூவுல கல்லு புகுந்ததுக்கா சைக்கிளை விப்பாங்க?”

கடல் சுவரின் அடியில் வந்து மோதிவிட்டுப் போனது. அக்கா பாட்டிலைக் காலி செய்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கால் மெல்லத் தன் காலாகிக்கொண்டு வந்தது.

“அதைத் தூக்கிக் கடல்ல போட்டுடுங்க” என்றாள்.

“போட்டுடறேன்.”

சம்பந்தி கடலைப் பார்த்துத் திரும்பி நின்று, கையை ஓங்கி ஒரு வீசு வீசினார். பிறகு சட்டைப் பைக்குள் கையை விட்டு எடுத்து, பையின் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.